பாடு நாளில் வந்த பரீட்சை

டீச்சர் வேலை என்றால் பாடம் நடத்துவது என்று நம்பி இந்த வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட என் இனமே, வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம். மாநிலம் முழுக்க ஒரே நாள், ஒரே கேள்வித்தாள் என்று ஒரு பரீட்சை வந்தாலும் வந்தது, பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளியில் நான் நடத்துவதெல்லாம் வட்டத்தைக் கறுப்பாக்கும் வகுப்புதான்.

வட்டம்

எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் கிடையாது, கதையும் கிடையாது. கோடு தாண்டாமல் வட்டத்தை நிரப்பு, அவ்வளவுதான் படிப்பு. எதையும் ஏன் என்று கேட்கிற கௌசல்யா எழுந்தாள். நாலு பதிலும் பிடிக்கவில்லை என்றால் நாமே ஒன்று எழுதலாமா என்றாள். எழுதினால் எந்திரம் படிக்காது என்றேன். “அப்போ நாம யாருக்கு டீச்சர் எழுதறோம்?”

தேதி

பரீட்சைத் தேதி அறிவிப்பு வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எங்கள் ஊருக்குப் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போடச் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை உட்கார வேண்டியதுதான். அன்றைக்கு நண்டு சிண்டெல்லாம் கரையில்தான் நிற்கும்.

தேதியை மாற்றச் சொல்லிக் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அதிகாரி சிரித்தார். “மீன் நாளைக்கும் ஏரியிலதானே மேடம் இருக்கும்?”

ஏழுமலை

கௌசல்யாவின் அப்பா ஏழுமலை, பெண்ணை எட்டோடு நிறுத்தி இறால் கம்பெனிக்கு அனுப்புவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “நைனா, இது ஒண்ணு மட்டும் எழுதறேன்” என்று அவளும் அழுதாள். மனுஷன் உதறிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டார்.

“சரி டீச்சர், பாடு அன்னிக்கு ஆளு கொறைஞ்சாலும் போவட்டும். நல்லா எழுதினாள்னு ரிசல்ட்டு வந்தா ஒம்பதாவதுல நானே சேக்கறேன். இல்லாங்காட்டி கம்பெனிதான், அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

ஈரம்

பரீட்சை அன்று வகுப்பில் பாதி பெஞ்சு காலி. கௌசல்யா வந்தாள். விடியற்காலை முதல் வலைக்குக் கை கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், சட்டைக்கை, பாவாடையெல்லாம் தண்ணீர். எல்லாக் கேள்விக்கும் வட்டம் போட்டாள். விடைத்தாள் ஓரம் நனைந்து சுருண்டிருந்தது. முந்தானையால் ஒற்றப் போனேன். வெளியூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த சார் பாய்ந்து வந்தார். “தொடாதீங்க மேடம், அது இனிமே அரசாங்கச் சொத்து!”

வரவில்லை

ரிசல்ட் வந்தது. கௌசல்யா பெயருக்கு நேரே ‘வரவில்லை’. சுருண்ட தாளை எந்திரம் படிக்கவில்லையாம். படிக்காத தாளுக்கெல்லாம் அப்படித்தான் விழுமாம். அடப்பாவிகளா! என் கண் முன்னால் உட்கார்ந்து எழுதினாளே என்று அலுவலகத்தில் கத்தினேன். “கம்ப்யூட்டர் வரலைங்குது, நீங்க வந்தாங்கறீங்க, நாங்க யாரை நம்பறது?”

நான் ஏழுமலை வீட்டுக்குப் போவதற்குள் ரிசல்ட் அவர் போனுக்குப் போயிருந்தது. அவள் வந்தாள், நான் சாட்சி என்று மன்றாடினேன். பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கத்தவில்லை. கதவோரம் நின்ற மகளைத்தான் பார்த்தார். “பாடுன்னுகூட பாக்காம உன்ன அனுப்பினேனே கண்ணு, அன்னிக்கு எங்கதான் போன?”

கௌசல்யா இப்போது தினமும் இறால் கம்பெனி வேனில் போகிறாள். அங்கேயாவது, வராத நாளில்தான் வரவில்லை என்று போடுகிறார்கள்.