வெள்ளாற்றுத் தண்ணீரோடு ஒரு பஸ் பயணம்

மனைவி போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாகச் சென்னையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, டி.வி.க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தம்பி புவனகிரிப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறான். "பக்கத்து வூடு காலிதான் மாமா, வந்துடுங்க" என்று வாராவாரம் கூப்பிடுவான். அந்த வீட்டுக்கு மோட்டார் போட்டு ஆற்றுத் தண்ணீர்தான். எனக்கோ சிறுநீரகத்தில் கல் எடுத்த உடம்பு. சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று போன மார்கழியில் கிளம்பினேன். மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பாடு போட்டே சம்மதம் வாங்கிவிடுவான்.

காலையில் கடலூரில் இறங்கி, ஓர் ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டில் வாங்கினேன். ஐஸ் பெட்டி என்னுடையது. சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். புவனகிரிக்குக் குறுக்கு வழி உண்டு; எனக்குச் சிதம்பரத்து இட்லி கொத்சு ஆசை. எதிர் நாற்காலி காலியாக இருந்ததால் சீக்கிரம் சாப்பிட்டு முடித்தேன். அங்கிருந்து டவுன் பஸ், ஏழு கிலோமீட்டர்.

ஆற்றில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாட்டில் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்பினேன். மச்சான் வீட்டுக் கொடியில் கட்டம்போட்ட லுங்கி காய்வது தெரிந்தது. மீன் வறுக்கும் வாசனை வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்கே சாக்கு சொல்லித் திரும்பினேன்.

கடலூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.

"என்னா மீனுங்க, கெளுத்தியா?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மாள்.

"ஆத்துத் தண்ணிம்மா."

"தண்ணியவா ஐஸ்ல வச்சி எடுத்துக்கினு போறீங்க? கூட யாரும் வரலையா?"

அன்று காரியமில்லாமல் என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான். ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டாள்.

ஐந்து நாளில் முடிவு வந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 780 மில்லிகிராம். குடிநீர்த் தரம் 500 என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்துக்கு 2000 வரை விடுகிறது. குடல் கிருமிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தது. போகாமலிருக்க நல்ல காரணம் கிடைத்தும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு: கரையோரத்தில் மொள்ளாதீர்கள். பாட்டிலுக்குள் விரல் படக்கூடாது. ஞாயிறு ஆய்வகம் பூட்டு. கரையில் சொந்தக்காரர் இருந்தால் ஒளிந்து போக முடியும் என்று நம்பாதீர்கள்.

முடிவு வந்த மறுநாள் மச்சான் போன் செய்தான். "ஆத்துல எறங்கி நின்னீங்களாமே மாமா? வூட்டுக்கு வராமயே போயிட்டீங்க." ஆய்வக முடிவைச் சொன்னேன்.

"அதைக் குளிக்கத்தான் மாமா வச்சிருக்கோம். குடிக்க கேன் தண்ணிதான், வண்டியில கொண்டாந்து போடுறாங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

ஆய்வகத் தாளை மடித்து வைத்தேன்.

"இனிமே ஒரு கேன் சேத்துப் போடச் சொல்லு மச்சான்" என்றேன்.