பீப் வரும்வரை

சோற்றுருண்டை வாய்க்கு அருகே வந்ததும் வேலுமணியின் வலது கை நின்றுவிடும். குழம்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஒழுகும். கண் எதையும் பார்க்காது. காது மட்டும் எதற்கோ காத்திருக்கும். பிறகுதான் வாய் திறக்கும்.

நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஓரம் நிற்கிற கான்ட்ராக்ட் ஆள். எதுவும் சிக்கினால் பக்கவாட்டில் ஓடும் கயிற்றை எட்டி இழுத்து பெல்ட்டை நிறுத்த வேண்டும். மழையில் சறுக்கித் தோள்மூட்டு நழுவியதிலிருந்து வீட்டில்தான். கை சரியாகிவிட்டதென்று சர்டிபிகேட் காட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

டவுன்ஷிப்பில் ஒரு பிசியோதெரபி நிலையம். எடை இழுக்கும் மெஷினின் கைப்பிடியில் தீப்பெட்டி அளவு சென்சார். கை கோணினாலோ, தோள் கள்ளத்தனமாக உதவினாலோ சிவப்பு விளக்கு. நேராக ஏறி அசையாமல் நின்றால் பச்சை; கூடவே ஒரு பீப். "பீப் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாதுண்ணே. இறக்குனா மெஷின் ஏத்துக்காது," என்பார் பிசியோ பாலகுமார். வேலுமணி பிடிவாதக்காரர். வீட்டில் வாளி, முறம், தூங்குகிற பூனை என்று எல்லாவற்றையும் தூக்கிப் பழகினார்.

டீக்கடைக்காரர் பாவாடைக்குச் சிரிப்பு. "யாருக்குய்யா கிளாஸத் தூக்கி தீபாராதன காட்டிகினு நிக்கிற? ஆறுது பாரு."

மனைவி மாணிக்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மத்தியானம் அவர் பாயில் அயர்ந்து கிடக்கையில் கை மட்டும் எழுந்தது. நடுக்கமில்லை, கோணலில்லை. உச்சியில் நின்றது. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. உலை கொதித்து அடங்கியும் இறங்கவில்லை. ஏனென்று தெரியாமலே அவள் குனிந்து, காதருகே "பீப்" என்றாள். இறங்கிவிட்டது. அதன்பிறகு அந்தக் கைப்பக்கம் அவள் படுப்பதில்லை.

போன வாரம் எல்லாமே பச்சை. சர்டிபிகேட்டும் வந்தது.

"கயித்தப் புடிக்கறப்ப கை பாதியில நின்னுட்டா? அங்க எவன் பீப் அடிப்பான்?" என்றாள் மாணிக்கம்மாள்.

"மெஷினே சரின்னுடுச்சி. ஒனக்கு என்னாடி?"

திங்கட்கிழமை காலை, குள்ளஞ்சாவடி முனையில் சுரங்க வேனுக்குக் கை காட்டினார். வேன் நின்றது, கதவு திறந்தது. கை இறங்கவில்லை. முன்சீட்டிலிருந்து சூப்பர்வைசர் ராஜாங்கம் தலையை நீட்டிப் பார்த்தார்.

வழியனுப்ப வந்திருந்த மாணிக்கம்மாள், சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகிறவள்போல நெருங்கினாள். திறந்த வேன் கதவையும் இறங்காத கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அவர் காதருகே உதட்டைக் குவித்தாள்.