பின்னுச்சியில் ஒரு தீப்பெட்டி அகலம்

குற்றச்சாட்டு இதுதான். மே மாதம் பதிமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, குடும்ப வழக்கு அலுவலகத்தின் பரிசோதனைப் பிரிவில், என் பெயருக்கு நேரே ‘மாதிரி தர மறுத்தார்’ என்று இரண்டாம் முறையாக எழுதப்பட்டது. நான் மறுக்கவில்லை. காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தேன். அவர்கள் கேட்ட இடத்தில், கேட்ட நீளத்தில் என்னிடம் முடி இல்லை. மூன்றாம் முறையும் இப்படி எழுதப்பட்டால், என் மகளைப் பார்ப்பதற்கான என் கோப்பு மூடப்படும் என்று அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மூன்றாம் தவணை ஜூலை பதினைந்து.

இது எப்படி நேர்ந்தது என்பதை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். ஒவ்வொரு தேதிக்கும் என்னிடம் தாள் இருக்கிறது.

நான் தையல் மெஷின் பழுதுபார்ப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. பழைய மெஷின் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். சட்டத்தையும் அப்படித்தான், பொது நூலகத்தின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, புரியாத பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக் கற்றேன். கணவரை விட்டு வெளியே வந்தபோது எனக்கென்று இருந்தது கடை கடையாகப் போய் வேலை செய்ய வாங்கிய வேன் ஒன்றுதான். அதிலேயே குடியேறினேன். வலப்பக்கம் பலகைப் படுக்கை, இடப்பக்கம் பாபின், ஊசி, பெல்ட், எண்ணெய் டப்பா வைக்கும் இழுப்பறைகள், பின்கதவை ஒட்டி இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்கூடம் ஒன்றின் பின்முற்றத்தில், உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இடுப்பு வரை முடி. அதை ஒருமுறை அலச முக்கால் கேன் தண்ணீர் போனது. உலர அரை நாள் ஆனது. மழைக்காலத்தில் வேனுக்குள் ஈரத்தலை வாடை போகவே போகாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மெஷின் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் குனிந்தபோது பின்னல் நுனி சக்கரத்தில் சிக்கி இழுத்தது. பெல்ட் அறுந்ததால் தலை தப்பியது. அடுத்து வந்த சனிக்கிழமை, இரண்டாண்டுக்கு முந்திய மார்ச் நான்காம் தேதி, பின்னலை வெட்டினேன்.

அது மகள் வரும் சனிக்கிழமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவள் என்னோடு இருக்கலாம் என்று முதல் உத்தரவு. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அவளுக்கு அணில் என்று பெயர். அன்றைக்கு எட்டு வயது. பின்கதவில் ஒரு கண்ணாடியை மாட்டி, இன்னொன்றை அவள் கையில் கொடுத்து எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். தன் தலையைத் தானே வெட்டுகிறவருக்கு மூன்று கை வேண்டும்: கத்தரிக்கு ஒன்று, முடியைப் பிடிக்க ஒன்று, பின்பக்கத்தைக் காட்டும் கண்ணாடிக்கு ஒன்று. மூன்றாவது கை அவளுடையது. ஓடியாடித் திரியும் பிள்ளை அந்த அரைமணி நேரம் ஆணி அடித்தது போல நின்றாள். வேலை முடிந்ததும் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, நீ இப்ப அச்சு அசலா மாமா மாதிரியே இருக்க. மீசை மட்டும்தான் இல்ல.”

வெட்டிய பின்னலை அவளே காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதினாள். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, டிரிம்மரில் ஆறு மில்லிமீட்டர் சீப்பை மாட்டி, கழுத்திலிருந்து மேல்நோக்கி ஓட்டுவேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அணில்தான் சொல்வாள்: “போதும்மா, நிப்பாட்டு.” கீழே விரித்த செய்தித்தாளில் விழுந்ததைக் கூட்டி உறையிலிட்டுத் தேதி போடுவாள். பொடி முடி பறந்து மெஷின் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் கவலை. எதையும் தூக்கி எறியாதது என் குணம். இருபத்தேழு உறைகள் சேர்ந்தன. முதல் உறையில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்து, கடைசி உறையில் வரிபிசகாமல் நிற்கிறது. அந்தக் கடைசித் தேதி இந்த ஆண்டு மார்ச் ஒன்று.

பிப்ரவரியில் அவளுடைய அப்பா ஒரு மனு போட்டார். வேனில் வாழ்கிறவள், கண் சிவந்திருக்கிறது, போதைப்பழக்கம் இருக்கலாம். கண் சிவந்தது உண்மை. ஊசிக்கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறெப்படி இருக்கும்? முடிப் பரிசோதனைக்கு வரச் சொல்லி எனக்கு அறிவிப்பு வந்தது. பிப்ரவரி இருபத்து நான்காம் தேதியிட்டது. இருபத்தேழில் என் கைக்குக் கிடைத்தது. அடையாள அட்டை கொண்டுவரவும் என்பதைத் தவிர அதில் வேறு அறிவுரை இல்லை. முடி குறைந்தது மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டும், பின்னுச்சியிலிருந்து எடுக்கப்படும் என்ற குறிப்பு ஆய்வகத்தின் தாளில் இருக்கிறது. அந்தத் தாளை எனக்கு யாரும் அனுப்பவில்லை.

மார்ச் ஒன்று வழக்கமான வெட்டு நாள். வெட்டினேன்.

மார்ச் பதினொன்றில் போனபோது என் முடி பத்து மில்லிமீட்டர் இருந்தது. ‘அறிவிப்பு கிடைத்த இரண்டாம் நாளே முடியை வெட்டியிருக்கிறார், மறுத்ததாகக் கொள்ளப்படுகிறது’ என்று எழுதினார்கள். பரிசோதனை முடியும் வரை சனிக்கிழமைகள் நிறுத்தப்பட்டன. இருபத்தேழு உறைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன், யாரும் திறந்து பார்க்கவில்லை. நகம் தருகிறேன் என்றேன். படிவத்தில் நகத்துக்குக் கட்டம் இல்லை. நடைக்கூடத்தில் அவளுடைய அப்பா என் தலையைப் பார்த்துக்கொண்டே தன் வக்கீலிடம், எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்:

“ஒளிக்க ஒண்ணும் இல்லன்னா, முடி எங்க போச்சாம்?”

அடுத்த தவணை மே பதிமூன்று. முடி வளர்க்கத் தொடங்கினேன். இதை ஒரு வேலையாகவே செய்தேன். ஞாயிறுதோறும் இரும்பு அளவுகோலை வைத்து நெற்றிக்கு மேலும் காதோரத்திலும் அளந்து நோட்டில் எழுதினேன். அரைகுறையாக வளரும் முடியைப் போலப் பேச்சுக் கேட்காத பொருள் உலகத்தில் இல்லை. சீப்புக்கும் படியாது, கிளிப்புக்கும் சிக்காது. மதிய வெயிலில் வேன் கூரை காயும்போது தலைக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும். தினமும் அலசத் தண்ணீர் இல்லாததால் ஈரத்துணியால் துடைத்தேன். வாடிக்கையாளரான தையல்கடை அண்ணி, நான் உள்ளே நுழைந்ததும் பலாப்பழம் நடந்து வருகிறது என்பார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் பத்தில் ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தையோடு இருக்கத் தகுதியானவளா என்று எடைபோடுகிறவர் அவர். மரியாதையாகத்தான் பேசினார். பிறகு தபாலில் வந்த குறிப்பின் மூன்றாம் பக்கம் சொல்கிறது: ‘தலைமுடி சீரற்று எல்லாத் திசையிலும் நிற்கிறது. தன்னைப் பேணிக்கொள்வதில் அக்கறை குறைவு. மே பன்னிரண்டில் நடக்கும் அடுத்த சந்திப்பில் மறுபடி கவனிக்கப்படும்.’

ஒரே கட்டடம். இரண்டாம் மாடி முடியை வளர்க்கச் சொல்கிறது. மூன்றாம் மாடி வளர்ந்த முடியைப் பார்த்து முகம் சுளிக்கிறது. இரண்டு மாடிக்கும் நடுவே இருக்கும் படிக்கட்டில் நின்று யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கழுத்தோரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தினால் இரண்டு மாடிக்கும் பொருந்தும் என்று கணக்குப் போட்டேன். கடையில் வெட்டிக்கொள்ளவும் முயன்றேன். ஆண்கள் சலூனில் பெண்களுக்கு வெட்டுவதில்லை என்றார்கள். பெண்கள் பார்லரில் இத்தனூண்டு முடியில் தங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். தையல்கடை அண்ணி தானே கத்தரியை எடுத்து வந்தார். ஆனால் அவர் கத்தரி பிடித்தால் ஓரம் மடித்துத் தைக்கவும் ஒரு விரல் சேர்த்தே வெட்டுவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணி, மூன்று சென்டிமீட்டரில் நூலிழைகூடக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தால், அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

புதன்தோறும் பத்து நிமிடம் அணிலோடு தொலைபேசியில் பேசலாம். அவள் அப்பாவின் போன், ஸ்பீக்கரில் இருக்கும். ஆகவே நாங்கள் பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் என்று பேசுவோம். மே ஏழாம் தேதி, நேரம் முடியப் போகும் தறுவாயில் கேட்டாள்:

“பின்னாடி கண்ணாடி யாரும்மா புடிக்கிறா?”

“நானே புடிச்சுக்கறேன்டா.”

“பொய். உனக்கு ரெண்டு கைதான இருக்கு.”

மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். நெற்றிக்கு மேல் முப்பத்திரண்டு மில்லிமீட்டர், காதோரம் முப்பத்தொன்று. நோட்டில் எழுதினேன். இரண்டாவது கண்ணாடியை மெஷின் மேசையில் மாட்டும் கிளாம்பால் படுக்கைச் சட்டத்தில் இறுக்கினேன். டிரிம்மரின் அளவுச் சீப்பில் ஒரு பக்கத்துக் கொக்கி விரிசல் விட்டிருந்தது. நூல் சுற்றிக் கட்டியிருந்தேன். ஊர் மெஷினுக்கெல்லாம் புதுப் பாகம் போடுகிறவள் என் டிரிம்மருக்கு நூல் சுற்றினேன். இந்தத் தவறு என்னுடையது. அதை யார் தலையிலும் கட்டவில்லை.

கழுத்தில் வைத்து மேல்நோக்கி ஓட்டினேன். இரண்டு விரல் உயரத்தில் நிறுத்துவதாக இருந்தேன். கிளாம்ப் சற்றுத் தளர, கண்ணாடி சாய்ந்து வேன் கூரையைக் காட்டியது. கை பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாக என் கை ஒரு குரலுக்கு நிற்கப் பழகியிருக்கிறது. அந்தக் குரல் வரவில்லை. தோளில் கொத்தாக முடி விழுந்த பிறகுதான் நிறுத்தினேன். சீப்பு கழன்று செய்தித்தாளில் கிடந்தது. கழுத்திலிருந்து பின்னுச்சி வரை, ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத் தோல் தெரிந்தது.

நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்யாவணமாகும். விழுந்த முடியை எடுத்து அளந்தேன். முப்பத்தொரு மில்லிமீட்டர். உறையில் போட்டு நானே தேதி எழுதினேன். இருபத்தெட்டாவது உறை.

மறுநாள் ஆலோசகருக்கு எதிரே உட்கார்ந்தேன். முன்பக்கம் நீர் தொட்டுப் படிய வாரியிருந்தேன். சந்திப்பு முடிந்ததும் அவருக்கு முதுகு காட்டாமல், ராஜசபையிலிருந்து விடைபெறுகிறவள் போலப் பின்னாலேயே நடந்து வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. ‘தலைமுடி சீராக உள்ளது. முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறார். மே பன்னிரண்டு தேதியிட்ட அந்தக் குறிப்பும் என்னிடம் இருக்கிறது.

அதற்கடுத்த நாள் இரண்டாம் மாடி. மாதிரி எடுக்கும் பெண் கையுறை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். விரலால் முடியை விலக்கிப் பார்த்தார்.

“அக்கா, இங்கதான் எடுக்கணும். இங்க ஒண்ணுமே இல்லையே.”

நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் எடுங்கள், அங்கே முப்பத்தொன்று இருக்கிறது என்று நோட்டைக் காட்டினேன். சுவரில் தொங்கிய படத்தை அவர் காட்டினார். தலையில் வட்டமிட்டிருந்த இடம் பின்னுச்சி. இருபத்தெட்டாவது உறையை மேசையில் வைத்தேன்.

“இது உங்க முடிதான்னு யாருக்குக்கா தெரியும்?”

“என் தலையிலயே வச்சுப் பாருங்கம்மா. சரியாப் பொருந்தும்.”

அவர் சிரிக்கவில்லை. உறையை இரு கையாலும் எடுத்து மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். தலையிலிருந்து தான் வெட்டியதைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான்: ‘மாதிரி பெறப்பட்டது’, ‘மறுத்தார்’. பேனாவைக் கொஞ்சம் தயங்கிப் பிடித்திருந்தார். பிறகு இரண்டாவது கட்டத்தில் குறியிட்டார்.

அன்றிலிருந்து டிரிம்மரைத் தொடவில்லை. என் முடி மார்ச் ஒன்றிலிருந்து மே பதினொன்று வரை எழுபத்தொரு நாளில் இருபத்தாறு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஜூலை பதினைந்தன்று பின்னுச்சியில் இருபத்து நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆறு குறையும். எண்ணெய் தடவினாலும், தலைகீழாக நின்றாலும் குறையும். மூன்றாம் முறையும் ‘மறுத்தார்’ என்று எழுதப்படப் போவது எனக்கு இன்றே தெரியும். அதைத் தடுக்க என் கையில் எதுவும் இல்லை. தவணையைத் தள்ளிவைக்கும்படி மூன்று முறை முகப்பில் கேட்டேன். தேதியைக் கம்ப்யூட்டர் போடுகிறது என்று மூன்று முறையும் வாயால் சொன்னார்கள். ஒருமுறையும் எழுதித் தரவில்லை.

சென்ற புதன்கிழமை அணில் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வளர்கிறது என்றேன். எவ்வளவு என்றாள். என்னால் பார்க்க முடியவில்லை என்று சொல்வதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

ஆகவே, பரிசோதனைப் பிரிவின் பொறுப்பாளரிடம் கேட்கிறேன். நீளத்தைப் பற்றிச் சொல்லும் தாளை எனக்கு அனுப்பாமலே, நான் வேண்டுமென்று வெட்டியதாக எழுதியது எந்த விதியின்படி? என் மகளின் கையெழுத்தில் தேதியிட்ட இருபத்தேழு உறைகள் இது என் நான்கு வார வழக்கம் என்று காட்டுகின்றன. அவற்றைத் திறந்து பார்க்க மறுத்தது யார்? முடி இல்லாமையும் மனம் இல்லாமையும் ஒரே கட்டத்துக்குள் எப்படி வந்தன? காதோரத்து முடியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது தவணையை ஆகஸ்டு ஐந்துக்கு மாற்றுங்கள். இரண்டும் முடியாதென்றால் அதையும் காரணத்தோடு, கையெழுத்தும் முத்திரையும் இட்டு எழுதுங்கள். வாய்மொழிப் பதிலை இனி நான் பதிலாக ஏற்கமாட்டேன்.

இதன் தேதி மே இருபத்தாறு. பதினான்கு நாளுக்குள் எழுத்துமூலமான பதில் வேண்டும். வேனுக்குக் கதவு எண் கிடையாது. தையல்கடை முகவரிக்கு அனுப்பவும், அண்ணி வாங்கி வைப்பார்.