அத்தை பையன் என்று சொன்னார்கள்

விவாகரத்து ஆனால் புருஷன் போய்விடுவான். அத்தை பையன் போவானா? எங்கள் சொந்தத்தில் இதுதான் சிக்கல். என்னைக் கட்டிக்கொண்டு, ஒத்துவராமல், கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவன் என் அப்பாவின் அக்கா மகன். குத்தம்பாக்கத்தில் இருக்கிறான். பிரிந்த சூடு ஆறுவதற்குள், நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு போர் மோட்டார் ரிப்பேர் ஆனபோது அப்பா அவனைத்தான் கூப்பிட்டார். நான் கத்தினேன். "உனக்கு அவன் வேணாம், சரி. எனக்கு அக்கா புள்ளதானே," என்றார்.

கொஞ்ச காலம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தவர் என்னை இரண்டாவதாகக் கட்டிக்கொள்ள இருந்தவர். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறார். நிச்சயம் முடிந்து, மண்டபமும் பார்த்தாகிவிட்டது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இதில் வெட்கமென்ன. நாம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜென்மம் கிடையாது. குழம்பு கொதிக்க நேரமிருந்ததால், பென்டிரைவில் கொண்டுவந்திருந்த பழைய ஹாலிவுட் படம் ஒன்றை டிவியில் போட்டார். கருப்பு வெள்ளை. அம்மாவுக்காக நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னார். கதாநாயகிக்கு விடிந்தால் இரண்டாம் கல்யாணம். விட்டுப்போன புருஷன் ஏதோ சாக்கு வைத்து அதே வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் சிரிப்புக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். "இன்னா மாமா, மோட்டாரு தண்ணி ஏத்தலியாமே," என்று கேட்டபடி அவன் உள்ளே வந்தான். அப்பா காலையில் போன் போட்டிருக்கிறார். விருந்து இருப்பது ஞாபகமே இல்லாமல், பழக்க தோஷத்தில்.

எனக்கு ஒரு கல்யாணம் ஆகி முறிந்தது கட்டிக்கொள்ள இருந்தவருக்குத் தெரியும். தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார். யாரோடு என்பதையும் அம்மா சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா எழுந்து, "எங்க நாத்தனார் பையன். மோட்டார் வேலையெல்லாம் நல்லா செய்வான்," என்றாள். அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்து, "உக்காருங்க, படம் நல்லா இருக்கும்," என்று சோபாவில் இடம் விட்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மாவை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அவருக்குத் தெரியாதா?"

"துபாய்ல கீறான்னு சொல்லி வெச்சிகீறேன். சொந்தத்துலயே கட்டி, அவனும் ஊட்டுக்கு வரப்போக இருக்கான்னா யாரு கட்டுவா? நிச்சயத்துக்கே அவன இன்னாத்துக்குக் கூப்புடலன்னு நெனச்ச? கம்முனு இரு. கல்யாணம் முடியட்டும்."

கொடுமை என்னவென்றால், அந்தப் பொய் நிற்கும். அவன் அப்பாவை மாமா என்று கூப்பிடலாம், அடுப்பங்கரை வரை வரலாம், என்னை வா போ என்று பேசலாம். எல்லாமே அத்தை பையன் என்ற முறைக்குள் அடங்கிவிடும். நான் வாயைத் திறக்காதவரை அவருக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

கூடத்தில் அவர் டிவியைக் காட்டி அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்க, இந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கணும்?"

"எனக்கு இன்னா சார் தெரியும்," என்றான் அவன். "ஆனா அந்தப் புது ஆளுதான் பாவம். ஒண்ணும் தெரியாம சிரிச்சிகினு கீறாரு."

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அவர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல மனுஷனைக் கூட்டி வந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் கோமாளியாக்குகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினேன்.

"துபாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னோட முதல் புருஷன் இவன்தான்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அவர் சத்தம் போடாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"எனக்குச் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதாங்க தெரிஞ்சுது."

நம்பினார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். "சரி, போகட்டும். இனிமே அவர் இங்க வரமாட்டார்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். நாளைக்கு ஒன்று என்றாலும் அவன்தான் வருவான்.

"வருவாரு," என்றேன். "அப்பா கூப்பிட்டா வருவாரு. உங்ககிட்ட இன்னொரு பொய் சொல்ல என்னால முடியாதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூர் ரோடு பக்கம் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் போன்கூட வரவில்லை.

உள்ளே வந்தால், அந்த மகராசன் படத்தை வேகமாக ஓட்டி முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"கடைசில பழைய புருஷனையேதான் கட்டிக்கினா," என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"அவ கட்டிப்பா. நான் கட்டிக்கமாட்டேன். மோட்டாரைப் பாத்துட்டு கிளம்பு."

எழுந்தான். அப்பா, தலை நிமிராமல், "சாப்ட்டுட்டு போ நைனா," என்றார்.

அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அவருக்காக வைத்த கோழிக்குழம்பை அவன் தட்டில் நான்தான் ஊற்றினேன்.