சும்மாட்டுக்குள் இருந்த பறவை

2009-ஆம் ஆண்டு கொட்டாரம் சந்தையில் நடந்தது இது. அப்போது நான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதை இப்போதும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

விடுமுறை நாட்களில் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது என் பொழுதுபோக்கு. கொட்டாரத்தில் ஒரு கட் பீஸ் கடைக்கு ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் மூட்டையாக வரும். அதில் கிடைத்த சில துண்டுகளின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் அச்சாகியிருந்தது. நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் தேடியபோதுதான் அது அந்தப் படங்களை வரைந்தவரின் பெயர் என்று தெரிந்தது. எங்கோ குளிர் தேசத்தில் இருக்கும் ஒரு பெண். மஞ்சளுக்குப் பக்கத்தில் அப்படிக் கத்தரிப்பூ நிறத்தை வைக்க வேறு யாருக்கும் துணிச்சல் வராது. அன்று முதல் மூட்டை பிரிக்கும் நாளில் கடை வாசலில் நான்தான் முதலில் நிற்பேன். ஓரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், நிறத்தை வைத்தே அவர் துணியைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அப்போது அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவர் துணிகளிலேயே ஒரு போர்வை தைக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு பெரிய பறவை. ஒரு துண்டில் வால் கிடைத்தது, இன்னொன்றில் இறக்கை, வேறொன்றில் கால். தலை மட்டும் எந்தத் துண்டிலும் இல்லை. இணையத்திலும் அந்தப் படம் இல்லை. அதன் முகம் எப்படி இருக்கும் என்ற யோசனையிலேயே வகுப்புக்குப் போவேன், வருவேன். தாளில் நானே வரைந்து வைத்துப் பார்த்தேன். கழுத்துக் கோடு சேரவில்லை. தலை வரவேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது. அக்காவுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை துணிப்பையை எடுத்துக்கொண்டு சாளை மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன். கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு மீன்காரம்மா அப்போதுதான் கூடையை இறக்கினார். கூடை அழுத்தாமலிருக்கத் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாடு பிரிந்து கீழே விழுந்தது. மஞ்சள். பக்கத்தில் கத்தரிப்பூ நிறம். அதன் மடிப்புக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

"அந்தத் துணிய எனக்குத் தருவியளா?" என்று கேட்டேன்.

"மீனு வேண்டாம், சும்மாடுதான் வேணுமா? ஏ மக்கா, இங்க பாருங்க, டீச்சருக்கு வட்டு பிடிச்சிருக்கு" என்றார் அவர். எனக்குப் பைத்தியம் என்றதும் சுற்றியிருந்த மீன்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருத்தியும் அங்கே நின்றாள். முகம் சுட்டது. ஆனாலும் அந்தக் கண்ணை விட்டுவிட்டுப் போக மனமில்லை. போர்வையையும் பறவையையும் பற்றிச் சொன்னேன். அவர் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆமா, கண்ணு இருக்கே. தெனமும் சுருட்டுகேன், நான் பாக்கவே இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "இதத் தந்துட்டு நான் கூடைய எதுல வைப்பேன்?"

நான் சட்டென்று தோளில் கிடந்த ஷாலை எடுத்தேன்.

"ஷால் இல்லாமப் போனா ஒங்கம்ம நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஏசுவா. அந்தப் பையத் தா."

அந்தப் பை, அதே துணிகளில் நான் முதன்முதலாகத் தைத்தது. ஒரு நிமிடம் தயங்கினேன். கொடுத்துவிட்டேன். அவர் அதை முறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்து, அசைத்துப் பார்த்தார். "தச்சு முடிச்சா எனக்குக் காட்டணும், கேட்டியா?"

ஒரு கையில் வாழையிலையில் பொதிந்த சாளை, மறு கையில் அந்தத் துணி. வாசலிலேயே அம்மா மூக்கைப் பொத்தினாள். "ஏட்டி, இதுக்கா ஒன்னக் காலேஜுக்கு அனுப்பினேன்?"

எலுமிச்சையும் சோப்பும் போட்டுத் திரும்பத் திரும்ப அலசி வெயிலில் காயவைத்தேன். விரித்தபோதுதான் தெரிந்தது, நான் நினைத்ததுபோலப் பறவை முன்னால் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பித் தன் முதுகு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கழுத்துக் கோடு சேராததற்குக் காரணம் அதுதான். பாதித் தையலைப் பிரித்து மாற்றி வைத்தேன், எல்லாம் பொருந்தியது. கூடை அமர்ந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. அதன்மேல் வேறு துணி வைத்து மறைக்கச் சொன்னாள் அக்கா. எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் மீன்காரம்மாவின் குரல் எங்கள் தெருவில் கேட்டது. உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பிள்ளைக்க துணி, நான் தொட்டா நாத்தம் ஒட்டிரும்" என்றார்.

"அதுல ஒங்க மணம் ஏற்கெனவே இருக்கு, சும்மா தொடுங்க" என்றாள் அக்கா.

பறவையில் வெளுத்திருந்த இடத்தை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். "இத்தன நாளும் இவன் என் தலையிலயா இருந்தான்?" என்று தனக்குள் கேட்பதுபோலச் சொன்னார்.

கூடையைத் தூக்கி வைக்கும்போது, அதற்கு அடியில் என் பையின் மஞ்சள் ஓரம் தெரிந்தது. இன்றும் ஒரு துண்டுத் துணி கையில் கிடைத்தால், மீதிப் படம் யாரிடம் இருக்கிறதோ என்று சுற்றிலும் பார்க்கிறேன். யார் சிரித்தாலும் கேட்டுவிடுகிறேன்.