இறந்தவரின் மேஜோடு

ரங்கூனில் ஆற்றங்கரை அரிசி மில் ஒன்றில் நான் எடை குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழிந்த காலம். மில்லின் இஞ்சினீயர் துரை ஸ்காட்லாந்துக்காரர். தம் ஊர் வாத்தியத்தைக் கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டாளத்திலிருந்து விலகி எங்கள் மில்லில் காவல் வேலை பார்த்த பஞ்சாபிகள் நாலு பேருக்குத் தோல்பை வைத்து ஊதும் அந்தக் குழலை வாசிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்து ஒரு பேண்டு சேர்த்துவிட்டார். சனிக்கிழமை பஜனையில் நான் மிருதங்கம் வாசிப்பவன் என்று யாரோ சொல்லிவைக்க, டிரம் அடிக்க என்னைப் பிடித்துப்போட்டார்.

டிரம் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு நாள் மாலை துரை ஒரு மூட்டையை அவிழ்த்து, கட்டம்போட்ட கம்பளிப் பாவாடைகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். "இதுதான் உங்கள் உடுப்பு" என்றார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஏதோ வெகுமதி தருகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கென்று விளங்கியதும் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தேன். முழங்கால் தெரியும் உயரம். அதன் பெயர் கில்ட்டாம். அவருடைய ஊரில் பிரபுக்களும் வீரர்களும் அதைத்தான் கட்டுவார்களாம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் மேமியோ மலையில் வெள்ளைக்காரர்களின் கொண்டாட்டத்தில் நாங்கள் வாசிக்க வேண்டும். கில்ட்டை மில் கொடுக்கும். காலில் மாட்டும் நீளக் கம்பளி மேஜோடு, இடுப்பில் தொங்கவிடும் தோல்பை, மற்ற சாமான்களெல்லாம் எங்கள் பொறுப்பு.

"மேமியோவில் விடியற்காலம் புல்மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். மேஜோட்டில் மட்டும் ஏமாந்துவிடாதே. முழங்காலுக்குக் கீழே சூடு இல்லையென்றால் கை டிரம் அடிக்காது" என்றார் பஞ்சாபிகளில் மூத்தவர்.

வீட்டில் கில்ட்டைப் பிரித்ததும் என் மனைவி இரண்டடி பின்னால் போனாள்.

"என்னங்க இது? யாரோட பாவாடை?"

"என்னோடதுதான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினாள். "இதக் கட்டிக்கிட்டு நாலு பேரு பாக்க நடப்பீங்களா?" என்றாள். அப்புறம் துணியைத் தொட்டுப் பார்த்து, "துணி என்னவோ உசத்தியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

வெள்ளைக்காரர்கள் போகும் பெரிய கடை ஒன்றில் மேஜோடு விலை கேட்டேன். ஒரு ஜோடிக்குச் சொன்ன விலையில் எங்கள் வீட்டில் பாதி மாசம் சாப்பிடலாம். கடைக்காரர் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிற வேகத்திலேயே என்னைக் கணக்குப்போட்டுவிட்டார் என்று புரிந்தது. அங்கிருந்து நேராக சூரத்தி பஜாருக்குப் போனேன்.

அங்கே பனியன், கைக்குட்டை விற்கும் கீழக்கரை மரைக்காயர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் சிரிக்காமல் முழுவதும் கேட்டார்.

"தம்பி, பந்து வெளையாடுறவங்க போடுற நீள மேஜோடு இருக்கு. முழங்கால் வரைக்கும் வரும். மேல மடிச்சு விட்டுக்கிட்டா அதேதான். ஆனா இதப் பாருங்க." ஒரு ஜோடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணறைகள் வழியே எதிர்க் கடை தெரிந்தது. "பருத்தி கலந்தது. ரங்கூனுக்குப் போதும். மலைக்கு ஆவாது. ரெண்டு ஜோடி போட்டாலும் குளிர் ஏறும்."

மேஜோடு நழுவாமல் கட்ட சிவப்பு நாடாவும், கில்ட்டின் ஓரத்தில் குத்த ஒரு பெரிய கம்பளி ஊசியும் மலிவாகக் கொடுத்தார். தோல்பை என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"போன வாரம் ஒரு பர்மாக்காரப் பொண்ணு அப்படி ஒண்ணு கொண்டாந்துச்சு. மேலெல்லாம் ரோமம். என்ன பிராணியோ, நான் கையாலயும் தொடல. மேஜோடும் இருக்குன்னு சொல்லிச்சு. தின்கன்ஜூன்ல ரயிலடிக்குப் பக்கத்துல வீடு. போய்ப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி தின்கன்ஜூன் போனேன். மரத்தூண்கள்மேல் நின்ற சின்ன வீடு. படியில் நாலு வயசுப் பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் தனக்காச் சந்தனம் பூசிய பர்மாக் குழந்தைதான். ஆனால் தலைமுடி சோளக்கதிர் நிறத்தில் இருந்தது. கண்கள் சாம்பல் நிறம். விஷயம் எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

தாய்க்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இராது. எந்த மில், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். என்னைப் பர்மிய வழக்கப்படி அண்ணா என்று பொருள்படும் 'அக்கோ' என்றே அழைத்தாள். தகரப்பெட்டியைத் திறந்ததும் காய்ந்த புகையிலை வாசனை வந்தது. பூச்சி அரிக்காமலிருக்க இலைகளுக்கு நடுவே மேஜோடுகளை வைத்திருந்தாள். பால் நிறக் கம்பளி. கயிறு முறுக்கியதுபோல் பின்னல் வேலை. கையை உள்ளே விட்டதுமே வியர்த்தது.

"அவருடைய அம்மா பின்னி அனுப்பியது" என்றாள்.

தோல்பையின் மூடியில் ஏதோ சீமைப் பிராணியின் முகம் அப்படியே இருந்தது. ஒரு கண் கண்ணாடி. இன்னொரு கண் விழுந்துவிட்டதால் அந்த இடத்தில் அவளே ஒரு சிவப்பு மணியைத் தைத்திருந்தாள்.

"இவர்..." என்று இழுத்தேன்.

"இறந்துவிட்டார், அக்கோ. உங்கள் மில்லில்தான் சின்ன துரையாக இருந்தார். ஆறு மாசத்தில் வருகிறேன் என்று பெட்டியை வைத்துவிட்டு ஊருக்குப் போனார். கப்பலிலேயே காய்ச்சல். கடலில் இறக்கிவிட்டார்களாம். உங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தாதான் கடிதத்தோடு வந்து சொன்னார். இரண்டு வருஷமாக அந்த நாளில் ஐந்து பொங்கிகளுக்கு அன்னம் இடுகிறேன்."

பொங்கிகள் என்றால் புத்த பிட்சுக்கள். கில்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். குழந்தைக்குப் போர்வையாக வெட்டிவிட்டாளாம்.

நான் கொடுத்ததை எண்ணாமலே வாங்கிக்கொண்டாள். பிறகு கீழே உட்கார்ந்து, மேஜோட்டை எப்படிப் போடுவது என்று காட்டினாள். முழங்காலுக்கு மூன்று விரற்கடை கீழே மடிப்பு நிற்க வேண்டும். சிவப்பு நாடாவின் நுனி கால் வெளிப்புறத்தில் இரண்டு விரல் அகலம் தெரிய வேண்டும். எத்தனையோ தடவை செய்த கை என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் எங்கள் கம்பெனியின் பாசீன் மில்லிலிருந்து புதிய மானேஜர் துரை எங்களுக்கு மாற்றலாகி வந்தார். பேண்டைப் பார்க்க ஆசைப்பட்டார். முழு உடுப்பில் புல்தரையில் நின்றோம். ரங்கூன் வெயிலில் அந்த மேஜோட்டுக்குள் என் கால் வெந்தது. புது துரையும், வெள்ளைத் தொப்பி போட்ட அவர் மனைவியும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

துரை என் முன்னால் நின்றார். அவர் கண் என் இடுப்புக்குப் போயிற்று. அந்தச் சிவப்பு மணியில் நின்றது. அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். சாம்பல் நிறக் கண்கள்.

தணிந்த குரலில், பர்மியத்தில் கேட்டார்: "இது உனக்கு எங்கே கிடைத்தது?"

இங்கிலீஷில் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவளுக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு உடனே உறைத்தது.

"தின்கன்ஜூனில், துரை" என்றேன் நானும் பர்மியத்திலேயே. "இறந்துபோன ஒருவருடைய சாமான்."

அந்த அம்மாள் குனிந்து என் காலைப் பார்த்தாள். "அடடே, இந்தப் பின்னலைப் பாருங்கள்! உங்கள் அம்மா பின்னுவதுபோலவே இருக்கிறதே!" என்று இங்கிலீஷில் சந்தோஷமாகச் சொன்னாள்.

"எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான் பின்னுவார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

அன்று என்ன தாளம் அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. பஞ்சாபிக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை அரிசி களைவதை நிறுத்திவிட்டது.

"கப்பல்ல செத்தவரு எப்படிங்க வந்தாரு?"

"சாகவே இல்லை."

"பெரிய குமாஸ்தா போய்ச் சொன்னாருன்னீங்களே?"

"ஆமாம்."

"அடப்பாவிகளா!" என்றாள். பிறகு, "போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

"வேலை போய்விடும்."

"போனாப் போகட்டும். உசுரோட இருக்கிறவனுக்கு அவ திதி குடுத்துக்கிட்டிருக்கா. அது தெரிஞ்சும் நீங்க அந்த மேஜோட்டப் போட்டுக்கிட்டு நடப்பீங்களா?"

மறுபடியும் தின்கன்ஜூன் போனேன். மேஜோடும் தோல்பையும் ஒரு பொட்டலமாகக் கையில் இருந்தன. படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவர் நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "நன்றாக இருக்கிறார்" என்றேன்.

"மனைவி?"

"இருக்கிறாள்."

பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "விற்றது விற்றதுதான், அக்கோ. மலையில் குளிரும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மில்லுக்கு வந்தாள். நல்ல பட்டுக் கைலி, தலையில் பூ. கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. காவலிலிருந்த பஞ்சாபிக்காரர் தடுக்க எழுந்தவர், குழந்தையின் தலைமுடியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் ஆபீஸ் வராந்தாவில்தான் இருந்தோம். பெரிய குமாஸ்தா அவளைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அவர் எங்கள் தமிழர். நெற்றியில் சந்தனம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது.

"நீங்கள் இருங்கள். நீங்கள்தானே வந்து சொன்னீர்கள்?" என்றாள்.

பேச்சுக் குரல் கேட்டுப் புது துரை வெளியே வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"உங்களுக்காக இரண்டு வருஷம் பொங்கிகளுக்கு அன்னம் இட்டேன். இனிமேல் இட மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். துரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்க்காததால் திறந்த வாய் அப்படியே நின்றது.

என்னை விலக்கிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. துரை அதற்கப்புறம் எடை மேடைப் பக்கமே வரவில்லை. டிரம் அடிக்க வேறு ஆள் இல்லாததால் மேமியோவுக்கும் போனேன். மேஜோடு கதகதப்பாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். திரும்பி வந்ததும் பேண்டிலிருந்து விலகிக்கொண்டேன். கோடைக்குள் அந்தப் புது துரை ராஜிநாமா செய்துவிட்டுச் சீமைக்கே போய்விட்டார். மனைவிக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

பெரிய குமாஸ்தா மட்டும் தம் நாற்காலியிலேயே இருந்தார். பல நாள் பொறுத்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஐயா, அந்தக் கடிதத்த எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "துரை சொன்னார், எழுதினேன். துரை சொன்னாருன்னு நீ பாவாடை கட்டலையா?"

அந்தத் துரை பொய் சொன்னதைவிட, இந்த மனிதர் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை அதிரவைத்தது. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தத் தின்கன்ஜூன் பெண் என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். குழந்தையைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் சேர்க்க, தமிழரோ பர்மியரோ இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டுமாம். என் மனைவியும் வந்தாள். பதிவேட்டை விரித்துவைத்திருந்த அம்மையார் குழந்தையைப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு, "தகப்பனார் காலமாகிவிட்டார் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பர்மியத்தில் திருப்பிச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். துரையின் முழுப்பெயரை, அவர் பார்த்த உத்தியோகத்தை, அவருடைய ஊரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றையும் அம்மையார் எழுதி முடிக்கும்வரை மேஜையை விட்டு நகரவில்லை.

"கடைசியில் 'உயிரோடு இருக்கிறார்' என்றும் எழுதச் சொல்லுங்கள், அக்கோ" என்றாள்.