‘ஓம்’ சொல்லக்கூடாத வேலை

எழுவைதீவு வதனி சென்ற செவ்வாய்க்கிழமை காலை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செய்தி என் கடை வாசலுக்கு வந்தபோது, அது யாரோ ஒருவருடைய செய்தி என்று நினைத்து, லொறியில் மூடை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்காவற்றுறையில் வள்ளத்தால் இறங்கி வந்த ஒருவர்தான் சொன்னார்.

“இரத்தினத்தாற்ற மகள் தவமலர் முடிஞ்சுபோனாவாம்.”

“தவமலரோ? எனக்கு ஆளைத் தெரியேல்லை.”

அரை மணித்தியாலம் கழித்து வதனியின் தம்பி போன் எடுத்து, “அண்ணை, எங்கட வதனி அக்கா…” என்று சொல்லி நிறுத்தினார். அப்போதுதான் இரண்டு பேரும் ஒருவர் என்று விளங்கியது. பதினொரு வருடப் பழக்கம். அவருடைய பதிவுப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. “எனக்கு ஆளைத் தெரியேல்லை” என்று என் வாயால்தான் சொன்னேன்.

வதனியைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மொத்தச் சாமான் வியாபாரி. சைக்கிளில் கருவாடு விற்றுத் தொடங்கியவன். படிப்பு அதிகம் இல்லை. ஊர்காவற்றுறையில் ஒரு கடை, நெடுந்தீவில் ஒரு கிளை. நெடுந்தீவில் இருந்து காலையில் போனில் சாமான் பட்டியல் வரும். மத்தியானத்துக்குள் லொறி குறிகட்டுவானுக்குப் போய்ப் படகில் ஏற்றியாக வேண்டும். தவறினால் அங்கே அலுமாரி காலி, அடுத்த நாள் சனம் வேறு கடைக்குப் போய்விடும்.

ஒருநாள் இங்கே இருந்தவர், “மா பத்து மூடையோ?” என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர், ஆமாம் என்ற அர்த்தத்தில், “ஓம், பத்து” என்றிருக்கிறார். காற்று இரைச்சலில் இவர் காதில் விழுந்தது ‘ஓமம் பத்து’. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி, பத்து மூடை ஓமம் சேர்த்து, மாவோடு சேர்த்து நெடுந்தீவுக்கு அனுப்பிவிட்டோம். அந்தத் தீவில் திரியும் காட்டுக் குதிரைகளுக்கும் சேர்த்து வயிற்றுவலி வந்தாலும் முடியாத ஓமம். அதற்குப் பிறகுதான், பட்டியல் எழுத்தில் வரட்டும் என்று கணினி வாங்கினேன். அதை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டுமென்று விசாரித்தபோது வதனியைச் சொன்னார்கள்.

கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்தின் இயந்திர அறையில் இருபது வருடம் யுனிக்ஸ் கணினிகளைப் பார்த்தவர். தகப்பன் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு எழுவைதீவுக்குத் திரும்பிவந்தவர். சீலைப் பையோடு கடைக்குள் ஏறிய மெலிந்த பெண்ணைப் பார்த்து, குறைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். ஆளை எடைபோடுவதில் நான் பெரிதாகப் பிழைவிட்ட நாள்களில் அது ஒன்று.

“கூலி குறையாது அண்ணை. வேணுமெண்டா வேலையைக் குறைப்பம். எதை விடட்டும், சொல்லுங்கோ.”

நான் ஒன்றையும் விடச் சொல்லவில்லை. அவர் யுனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் போட்டார். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். பார்க்க அழகில்லை. ஆனால் வருடக்கணக்கில் விழாமல் நின்றது.

விழுந்தது கணினி அல்ல, நெட்வேர்க் வயர் செருகும் துவாரம். எங்கள் உப்புக் காற்று பித்தளையையே தின்னும், அது என்ன செய்யும்? ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் துவாரம் பச்சை பூத்துச் செத்தது. கடல் கொந்தளிப்பு, எழுவைதீவு வள்ளம் ஓடவில்லை. வதனிக்குப் போன் எடுத்து, “வேலை செய்யேல்லை” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாதையுங்கோ அண்ணை. வேலை செய்யேல்லை எண்டது உங்கட கவலை. திரையில என்ன கிடக்கெண்டு வாசியுங்கோ. எனக்கு அதுதான் வேணும்.”

இந்த வார்த்தையை நான் பிறகு என் வியாபாரத்திலும் பிடித்துக்கொண்டேன். கடன்காரரோ வாடிக்கையாளரோ, கவலையைக் கேட்கமாட்டேன். நடந்ததைக் கேட்பேன்.

அலுமாரிக்குள் அவர் முன்யோசனையாக வைத்திருந்த நெட்வேர்க் காட் ஒன்றை, புதுத் துவாரம் உள்ள அட்டையை, எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கணினியைத் திறந்து செருகினேன்.

“இப்ப காட் இருக்கெண்டு அதுக்குத் தெரியும். ஆனா அதை ஓட்டத் தெரியாது. றைவர் ஏத்த வேணும்.”

“என்ர லொறி றைவர் வாசலிலை வெத்திலை போட்டுக்கொண்டு நிக்கிறார். ஏத்தி விடட்டோ?”

“விடுங்கோ. ஆனா அவருக்குச் சம்பளம் குடுக்க வேணும். இது சும்மா ஓடும்.”

அவர் சொன்ன கட்டளையை அடித்தேன். றைவர் ஏறியது. திரையில் அந்த அட்டைக்கு ஒரு பெயர் வந்தது: re0. இனிமேல் கணினி எழும்பும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு ஒரு முகவரி கேட்டு வாங்கும்படி, தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். ஆர், ஈ, சைபர் என்று அவர் சொன்னார். எழுதினேன். கணினியை நிறுத்தி எழுப்பினேன். முகவரி வரவில்லை. பிழை என்றுகூடத் திரை சொல்லவில்லை, பேசாமல் இருந்தது. மூன்று தரம் எழுப்பிவிட்டேன். வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

“சைபர் போட்டனீங்களோ?”

“ஓம்.”

“ஓ போட்டனீங்களோ?”

“ஓம், ஓம்!”

“ரெண்டு ஓ-வோ?”

“என்ன பிள்ளை, பகிடியோ? நான் ஓம் எண்டெல்லோ சொல்லுறன்!”

 போனில் அவர் சிரிப்பு அடங்காமல் கேட்டது.

“அண்ணை, சைபரை எங்க அடிச்சனீங்கள்? மேல் வரியில இலக்கத்திலயோ, எழுத்துக்குள்ளயோ?”

“எழுத்துக்குள்ள. வட்டம் எண்டா வட்டம்தானே?”

“உங்களுக்கு வட்டம். அதுக்கு அது வேறை ஆள். இல்லாத ஆளின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஆர் திரும்பிப் பாக்கிறது?”

ஒரு எழுத்தைத் திருத்தினேன். முகவரி வந்தது, பட்டியலும் வந்தது. படகு போய்விட்டது. அன்று வதனி ஒரு நிபந்தனை வைத்தார். போனில் வேலை நடக்கும்போது நான் ‘ஓம்’ சொல்லக்கூடாது. ‘சரி’ என்றுதான் சொல்ல வேண்டும். வாய்ப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு தரமும் தவறினேன். ஒவ்வொரு தரமும், “ஓ எத்தினை அண்ணை?” என்று கேட்டார்.

கடல் அடங்கியதும் வந்து, நான் எழுதிய கோப்பைப் பார்வையிட்டார். ஒவ்வொரு வரிக்கும் மேலே # என்ற குறியைப் போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்புகள் எழுதினார். அந்தக் குறி எங்கள் வேலி மாதிரி இருப்பதால் ‘வேலி’ என்றே சொல்வார். “வேலி போட்ட வரியைக் கணினி பாக்காது. அது மனிசருக்கு எழுதிறது.” ஒரு குறிப்பு எனக்கு மனப்பாடம்: ‘அண்ணை, இது சைபர். வட்டம் இல்லை.’

பிறகு வந்த வருடங்களில் மாதம் ஒருமுறையாவது வருவார். வேலை முடித்து, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, பின்னேர வள்ளம் வரும்வரை கதிரையில் இருப்பார். அதிகம் பேசமாட்டார். அந்தச் சும்மா இருந்த நேரத்தைத்தான் இப்போது தேடுகிறேன். பின்னேரம் வள்ளச் சத்தம் கேட்டால் கதிரையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் உடம்புக்கு வருத்தம் என்றார். கடைசியாக ஒருநாள் வந்தபோது படியேறவே மூச்சு இளைத்தது. அன்றும் திரைக்கு முன்னால் கனநேரம் இருந்தார். “எல்லாம் ஓடுதெல்லோ, என்ன செய்யிறீர்?” என்று கேட்டேன். “வேலி கட்டுறன்” என்றார். நான் கவனிக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து ஒருமுறை போன் எடுத்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, வந்தது ஒரு கேள்விதான்.

“திரும்பி வருவீரெல்லோ?”

“சரி அண்ணை” என்றார். ‘ஓம்’ என்று சொல்லவில்லை.

எழுவைதீவுக்குப் போய், சடங்கு முடித்துத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை காலை நெடுந்தீவுப் பட்டியல் வரவில்லை. காட் செத்துக் கிடந்தது.

மருமகன் சொன்னார்: “மாமா, இந்தக் கறுப்புத் திரையை இனி ஆர் பாக்கிறது? பட்டணத்தில குடுத்து, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசு போடுவம்.”

நியாயமான பேச்சு. வியாபாரியாக நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அழித்தால் அந்தக் கோப்பும் போய்விடும். வதனி எனக்கென்று எழுதியது உலகத்தில் அது ஒன்றுதான். “மத்தியானம் வரைக்கும் பொறும்” என்றேன்.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். போனின் மறுபக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தும், திரையில் கிடந்ததை எழுத்தெழுத்தாக உரத்து வாசித்தேன். கோப்பின் அடியில் நான் முன்பு பார்த்திராத மூன்று வரிகள் இருந்தன. மூன்றுக்கும் வேலி. முதலாவது குறிப்பு:

‘அண்ணை, அலுமாரி மேல் தட்டில் யுஎஸ்பி அடப்டர் இருக்கு. செருகுங்கோ. நான் வர ஏலாட்டி கீழ் ரெண்டு வரிக்கும் வேலியை எடுங்கோ. வேறை ஒண்டும் அடிக்காதையுங்கோ.’

அடியில் இருந்த இரண்டு வரிகளும் கட்டளைகள். ஒன்று றைவரை ஏற்றுவது, மற்றது ue0 என்ற பெயருக்கு முகவரி வாங்குவது. அந்தச் சைபரையும் நான் பிழைவிடுவேன் என்று தெரிந்து தன் கையாலேயே அடித்து வைத்திருக்கிறார்.

அடப்டர், ஈரம் படாமல் இரண்டு பொலித்தீன் பைக்குள் இருந்தது. செருகினேன். வயரை அதில் மாட்டி, இரண்டு # குறிகளை மட்டும் அழித்தேன். கணினியை எழுப்பினேன். ue0 என்ற பெயரும், கீழே ‘அக்டிவ்’ என்ற நிலையும், அதன்பின் ஒரு முகவரியும் வந்தன. கொஞ்சத்தில் நெடுந்தீவுப் பட்டியலும் வந்தது. மா எட்டு மூடை. ஓமம் இல்லை. லொறி நேரத்துக்குப் போனது.

வதனி, உம்மைத் தவமலர் என்று மரண அறிவித்தலில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை, மன்னியும். இனி இரண்டு பெயருக்கும் திரும்புவேன். கணினி உம்முடைய கோப்போடேயே ஓடுகிறது, ஆரும் அழிக்கமாட்டார்கள். வேலை முடிந்தது. ஆகவே சொல்கிறேன்: ஓம், பிள்ளை. ஓம், ஓம். எத்தனை என்று நீரே எண்ணிக்கொள்ளும்.

நானும் வதனியும் பேசி ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: வேலைக்கு வேலை கூலி, குறைப்பு இல்லை. வள்ளக் காசும் மத்தியானச் சோறும் என்னுடையவை. வேலை முடியும்வரை ‘ஓம்’ இல்லை, முடிந்த பிறகு எவ்வளவும்.